தூங்க இடமில்லாத கடற்பெருமை

‘தமிழரின் கடல் ஆளுமை’ என்ற பொருளில் கட்டுரை வெளியாகாத ஆண்டு நம் சிற்றிதழ் உலகில் இல்லை. கருத்தரங்க மலர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அக்கட்டுரைகளின் வார்ப்பும் ஏறத்தாழ ஒன்றேதான். பட்டினப்பாலையில் கால் நனைப்பார்கள். இராசேந்திரனின் கடாரப் படையெடுப்பில் பாய் விரிப்பார்கள். வங்கம், நாவாய், கலம், தோணி, ஓடம், பஃறி, திமில், அம்பி என மரக்கலப் பெயர்களை வரிசைப்படுத்துவார்கள். இறுதியில் ஆங்கிலச் சொற்கள் சிலவற்றுக்குத் தமிழ் மூலம் கண்டு கரையேறுவார்கள். ‘கட்டமரான்’ நம்முடைய கட்டுமரம்தான். அதில் எவருக்கும் ஐயமில்லை. ‘நேவி’ நம் நாவாயிலிருந்து பிறந்தது என்பார்கள்; இலத்தீனின் ‘நாவிஸ்’ குறுக்கே நிற்பதைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்கள். அண்மைக் காலமாக இப்பட்டியலில் இன்னொரு சொல்லும் சேர்ந்திருக்கிறது. கப்பலில் மாலுமிகள் தூங்குவதற்காகக் கட்டித் தொங்கவிடும் ‘ஹம்மாக்’ என்னும் துணிப்படுக்கை நம் வீட்டுத் தூளியும் ஏணையும்தான் என்றும், தமிழ் மாலுமிகளிடமிருந்தே ஐரோப்பியர் அதைக் கற்றனர் என்றும் மேடைகளில் முழங்கக் கேட்கிறேன். என் வகுப்பு மாணவர் இருவர் அதைத் தேர்வுத் தாளிலும் எழுதிவிட்டனர்.

இக்கட்டுரை அம்முழக்கத்துக்கு மறுப்பு. ஆனால் ஒரு சொல்லின் பிறப்பைத் திருத்திவிட்டு ஓய்வது என் நோக்கமில்லை. கப்பலில் தூங்குவதற்கான துணியை உலகுக்குக் கொடுத்தவர்கள் நாமே என்று மார்தட்டும் நாம், நம் கலங்களில் ஏறிப்போன மனிதன் எங்கே படுத்தான் என்று என்றைக்காவது கேட்டிருக்கிறோமா? இதுவே என் கேள்வி. கேட்கவில்லை என்பதும், அந்தக் கேளாமைக்கு இன்றும் சிலர் தம் உடலால் விலை கொடுத்து வருகிறார்கள் என்பதும் என் கட்சி.

சொல்லின் ஊர்

முதலில் சொல்லை முடித்துவிடுவோம். 1492 அக்டோபரில் பஹாமாத் தீவுகளில் இறங்கிய கொலம்பஸ், அங்கிருந்த மக்கள் பருத்தி வலைபோன்ற படுக்கைகளில் உறங்குவதைக் குறித்து வைத்தார். கரீபியத் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்களின் மொழியில் அதன் பெயர் ‘ஹமாகா’. ஸ்பானியர் அச்சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டனர். அவர்கள் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இதற்கு எழுத்துச் சான்று உண்டு. ஏணைக்கும் இதற்கும் எவ்வகைத் தொடர்பும் கிடையாது.

இங்கே ஒரு வேடிக்கை. டச்சுக்காரர்களிடம் இச்சொல் சென்றபோது, தம் மொழியில் பொருள்படும்படி அதை ‘ஹங்மாட்’ என்று திரித்துக்கொண்டனர். தொங்குகின்ற பாய் என்று அதற்குப் பொருள். ஜெர்மானியரும் அவ்வழியே சென்றனர். பிறகு, சொல்லே தம் மொழியில்தான் பிறந்தது என நம்பியவர்களும் அங்கே தோன்றினர். நம்மவர்கள் இன்று செய்வதை டச்சுக்காரர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே செய்து பார்த்துவிட்டார்கள் என்பதை அறியும்போது, இந்தத் துறையிலும் நாம் முன்னோடிகள் இல்லை என்று தெரிகிறது.

தைனோ மக்களை ஸ்பானிய ஆட்சி சில பத்தாண்டுகளில் ஏறக்குறைய அழித்தொழித்தது. கொள்ளைநோயும் கட்டாய உழைப்பும் அவர்களைத் தின்றன. அவர்கள் உலகுக்கு விட்டுச்சென்ற சொற்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்றையும் பிடுங்கி நம் பெயரில் பட்டா மாற்றிக்கொள்வது பெருமையா? மொழிப்பற்று என்பது பிறர் வீட்டுப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வருவது அன்று.

தமிழ் தன் சொந்தக் கையிருப்பிலேயே இதைவிட அரிய செய்தி ஒன்றை வைத்திருக்கிறது. இன்று நாம் உறக்கத்துக்குப் பயன்படுத்தும் ‘தூங்கு’ என்னும் வினை, பழந்தமிழில் தொங்குதல், அசைதல், ஆடுதல் என்னும் பொருளில் வழங்கியது. வானில் தொங்கிய கோட்டை தூங்கெயில். கூட்டைத் தொங்கவிடும் குருவி தூக்கணங்குருவி. உறங்குவதற்குத் துஞ்சு, துயில் என்ற சொற்கள் தனியே இருந்தன. தொங்கி அசைவதைக் குறித்த சொல்லே பின்னாளில் உறக்கத்தைக் குறிக்கலாயிற்று. அசைவுக்கும் உறக்கத்துக்கும் உள்ள உறவைத் தமிழ் தன் வினைச்சொல்லிலேயே பதிந்து வைத்திருக்கிறது. இதைச் சொல்லிப் பெருமைப்பட்டால் நானும் உடன் நிற்பேன். ஆனால் பெருமைப்பட்ட கையோடு அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும். குழந்தையைத் தூளியில் இட்டுத் தூங்கவைக்கத் தெரிந்த சமூகம், அக்குழந்தை வளர்ந்து படகேறியபின் அவன் தூக்கத்துக்கு என்ன செய்தது?

பதினான்கு அங்குலம்

தொங்குபடுக்கை கப்பலில் என்ன வேலை செய்தது என்று தெரிந்தால்தான் கேள்வியின் கூர்மை விளங்கும். ஐரோப்பியக் கப்பல்களில் அதற்கு முன் சாதாரண மாலுமிக்குப் படுக்கை என்று தனியாக ஒன்று இருந்ததில்லை. தளப்பலகையிலும் பெட்டிகளின் மேலும் கிடைத்த இடத்தில் உடலைச் சாய்த்தான். கப்பல் ஒருபுறம் சாய்ந்தால் அவனும் உருண்டான். பலகை நனைந்தால் அவனும் நனைந்தான். 1597-இல் இங்கிலாந்தின் கடற்படை, மாலுமிகளுக்குத் தொங்குபடுக்கை தைப்பதற்கான கித்தான் துணி வாங்க ஒப்புதல் அளித்தது. அடுத்த மூன்றரை நூற்றாண்டுக்கு அப்படுக்கையே கடற்படையாளனின் வீடாயிற்று.

அதன் இயக்கம் எளியது. கப்பல் இடமும் வலமும் புரளும்போது, இரு முனைகளில் கட்டித் தொங்கும் படுக்கை தன் எடையால் செங்குத்தாகவே நிற்க முயலும். புரள்வது கப்பல், படுத்திருப்பவன் புரள்வதில்லை. கீழே தேங்கும் நீர் அவனைத் தொடாது. பகலில் சுருட்டிக் கட்டிவிட்டால் அதே இடத்தில் உணவு மேசை போடலாம், பீரங்கியை இயக்கலாம். சுருட்டிய படுக்கைகளைக் கப்பலின் விளிம்பில் வலைகளுக்குள் அடுக்கினால் துப்பாக்கிக் குண்டுக்குத் தடுப்பும் ஆகும். கடலில் இறந்தவனை அவன் படுக்கைத் துணியிலேயே வைத்துத் தைத்துப் பீரங்கிக் குண்டைச் சேர்த்துக் கட்டி நீரில் இறக்கினார்கள். அதே துணி மாலுமிக்குக் கட்டில், கவசம், பாடை மூன்றுமாக இருந்தது.

இவ்வளவும் அறிவின் பக்கம். கஞ்சத்தனத்தின் பக்கமும் உண்டு. நெல்சன் காலக் கடற்படையில் ஓர் ஆளுக்கு ஒதுக்கப்பட்ட அகலம் 14 அங்குலம். நம் முழக்கணக்கில் ஒரு முழம்கூட இல்லை. 1805-இல் டிரஃபால்கர் போருக்குச் சென்ற ‘விக்டரி’ கப்பலில் ஏறத்தாழ 820 பேர். பாதிப் பேர் காவல் முறையில் விழித்திருக்க, மீதிப் பேர் தூங்கினர் என்பதால் நடைமுறையில் ஒருவனுக்கு 28 அங்குலம் கிடைத்தது. ஆக, தொங்குபடுக்கை மாலுமியின் உடலுக்கு இதம் தந்த அதே வேளையில், ஒரே தளத்தில் பல நூறு பேரை அடைப்பதற்கும் வழி செய்து கொடுத்தது.

இந்த இரண்டு பக்கமும் நமக்கு ஏன் தெரிந்திருக்கிறது? அவர்கள் அதை எழுதி வைத்தார்கள். 14 அங்குலம் என்று அளவு குறித்தார்கள். அது போதாது என்று சண்டையும் போட்டார்கள். அவர்களின் கடற்படையை வியக்க வேண்டிய கடமை எனக்கு இல்லை. ஆனால் ஒரு மனிதனுக்குக் கப்பலில் எத்தனை அங்குலம் என்ற எண் அவர்களின் ஏட்டில் இருக்கிறது. நம் ஏட்டில் இல்லை.

நம் ஏடுகளில் விழித்திருப்பவர்கள்

பட்டினப்பாலையைத் திறந்து பாருங்கள். உப்பு விற்று நெல்லேற்றி வந்த படகுகள், லாயத்துக் குதிரைகளைப்போல வரிசையாகக் கட்டப்பட்டிருக்கின்றன. ஏற்றுமதியும் இறக்குமதியும் அளவின்றிக் குவிகின்றன. பண்டத்துக்கு இடம் இருக்கிறது, பண்டத்தின்மேல் புலிப்பொறி இருக்கிறது, காவலும் இருக்கிறது. இரவில் கடலில் நிற்கும் திமில் பரதவர், கரையிலுள்ள மாடங்களின் விளக்குகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அழகான காட்சி. நானும் பல ஆண்டுகளாக அதை வகுப்பில் சிலாகித்து வருகிறேன். ஆனால் கவனியுங்கள்: கரையில் மாடத்தார் உறங்குகிறார்கள், கடலில் பரதவர் விழித்திருக்கிறார்கள். அவர்கள் எப்போது படுத்தார்கள், எங்கே படுத்தார்கள் என்பது புலவரின் கண்ணில் படவில்லை.

மணிமேகலையில் ஆதிரையின் கணவன் சாதுவன் வணிகரோடு கலமேறுகிறான். கலம் உடைகிறது. ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் வாழும் மலைப்பக்கம் ஒதுங்குகிறான். அங்கே ஒரு மரநிழலில் துயில்கொள்கிறான். என் நினைவுக்கு எட்டிய வரை, நம் காப்பியங்களில் கடலோடி ஒருவன் படுத்துத் தூங்குவதைக் காணும் அரிய இடம் இது. அதுவும் கப்பல் உடைந்த பிறகு, தரையில். கப்பல் உடையாமல் இருந்திருந்தால் சாதுவன் தூங்கியதை நாம் பார்த்திருக்கவே முடியாது!

பழம்புலவர்களை நான் குற்றம் சாட்டவில்லை. அவர்களுக்கு வேறு நோக்கம், வேறு மரபு. இருபதாம் நூற்றாண்டில் வாழ்ந்துகொண்டு அவர்களைப் பற்றி எழுதிய உரையாசிரியர்களும் ஆய்வாளர்களும்தான் என் இலக்கு. பாய்மரத்தின் உயரம், சுக்கானின் வடிவம், மிளகு மூட்டையின் விலை எல்லாவற்றையும் ஆராய்ந்தவர்கள், துடுப்பு வலித்தவனின் முதுகை ஆராயவில்லை. ‘கடல் புறா’வைப் பலமுறை படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அக்கப்பலின் தோற்றத்தைக் கண்முன் நிறுத்துவார்கள். அதன் தலைவனின் காதலைச் சொல்வார்கள். அதில் பாய் இழுத்தவர்கள் இரவில் எங்கே முடங்கினார்கள் என்று கேட்டால் விழிப்பார்கள்.

கடற்கரையிலிருந்து எழுதியவர்களை இக்கூட்டத்தில் சேர்க்கக் கூடாது. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ (1977) வல்லத்துக்கும் லாஞ்சுக்கும் நடந்த மோதலை மனிதர்களின் பக்கத்திலிருந்து சொன்னது. ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) கட்டுமரக்காரனின் உடலைத் தமிழ் நாவலுக்குள் கொண்டுவந்தது. ஆனால் கட்டுமரத்திலும் வல்லத்திலும் போனவர் பெரும்பாலும் அன்றோ மறுநாளோ கரை திரும்புபவர். வாரக்கணக்கில் கடலிலேயே கிடக்கும் தொழில் பிற்காலத்தில் பெருகியது. அதை எழுத வேண்டிய காலம் இது. நம் விமர்சகர்களோ இந்நாவல்களின் வட்டார வழக்கைப் பாராட்டிவிட்டு மறுபடியும் கடாரத்துக்குப் புறப்பட்டுவிட்டார்கள்.

முப்பத்தாறு கன அடி

காலனிய ஆட்சிக் காலத்தில் இக்கேள்விக்கு ஒரு விடை சட்டமாகவே எழுதப்பட்டது. பிரிட்டிஷ் கப்பல்களில் ‘லஸ்கர்’ என்ற பெயரில் இந்திய மாலுமிகள் ஆயிரக்கணக்கில் வேலை செய்தனர். 1894-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வணிகக் கப்பல் சட்டம் ஒரு மாலுமிக்குத் தங்குமிடமாக 72 கன அடி வழங்க வேண்டும் என்றது. லஸ்கருக்கு 36 கன அடி. 1906-இல் பிரிட்டிஷ் மாலுமியின் அளவு 120 கன அடியாக உயர்ந்தது. லஸ்கரின் 36 உயரவில்லை.

36 கன அடி என்றால் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறடி நீளம், இரண்டடி அகலம், மூன்றடி உயரம். சவப்பெட்டி செய்பவர் இந்த அளவைக் கேட்டால் வியக்க மாட்டார். ஒரே கப்பல், ஒரே கடல், ஒரே அலை. தோலின் நிறத்துக்கு ஏற்ப நுரையீரலுக்குக் காற்று அளந்து கொடுக்கப்பட்டது.

ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களின் கதை இன்னும் கொடியது. சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று 342 பேரோடு டர்பன் துறையை அடைந்தது. அத்தகைய கப்பல்களின் பட்டியல்களில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர் எல்லாம் குறிக்கப்பட்டன. வாரக்கணக்கான அந்தப் பயணத்தில் ஓர் உடல் எவ்வளவு இடத்தில் கிடந்தது என்பதற்கு அதில் பத்தி இல்லை. பின்னாளில், 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவாக நம் கரைக்கும் பினாங்கு, சிங்கப்பூர் துறைகளுக்கும் இடையே ஓடியது. அதில் சென்ற எளிய தமிழர் தளப் பயணிகள். தம் பாயைத் தாமே கொண்டுபோய், கிடைத்த தளத்தில் விரித்துக்கொண்டவர்கள். மலேயாத் தமிழிலக்கியம் பற்றிப் பேசும்போது நாம் ரப்பர் தோட்டத்தில் தொடங்குகிறோம். அதற்கு முன் கப்பல் தளத்தில் ஒரு வாரம் இருந்தது என்பதை மறந்துவிடுகிறோம்.

இவ்வளவும் அந்நியன் செய்த கொடுமை என்று சொல்லிக் கையைக் கழுவிவிடலாம். அடுத்ததை அப்படிச் சொல்ல முடியாது.

தங்குகடல்

குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரையுமன்துறை என எட்டு ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. ஆழ்கடலில் சுறாவும் சூரையும் பிடிப்பதில் இந்நாட்டில் இவர்களுக்கு நிகர் அரிது. கொச்சியிலிருந்தும் பிற துறைகளிலிருந்தும் புறப்பட்டு, ஒரு மாதத்துக்கும் மேலாகக் கடலில் தங்கித் தொழில் செய்கிறார்கள். தமிழர் கடல் ஆளுமை என்பது வெறும் சொல்லாக இல்லாமல் இன்றும் உயிரோடு இருக்குமானால், அது இந்த எட்டு ஊர்களில்தான் இருக்கிறது.

அப்படகுகளின் அமைப்பை எண்ணிப் பாருங்கள். வயிற்றுப்பகுதியின் பெரும்பங்கு மீன் அறைக்கும் ஐஸுக்கும் போகிறது. மீதியில் டீசல், தண்ணீர், எந்திரம். சுக்கான் அறையை ஒட்டிச் சில பலகைகள். பத்துப் பன்னிரண்டு பேரில் அதில் இடம் கிடைக்காதவர்கள் தளத்திலும் வலைக்குவியலின் மேலும் கூரையிலும் படுக்கிறார்கள். மழை வந்தால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். பிடிக்கப்பட்ட மீனுக்கு ஒரு மாதம் கெடாமல் கிடப்பதற்கான படுக்கை உறுதி. பிடித்தவனுக்கு உறுதி இல்லை.

தூக்கத்தைச் சொகுசு என்று நினைப்பவர்களுக்கு இரண்டு தேதிகளை நினைவூட்டுகிறேன். 2017 ஜூன் 11 அதிகாலையில், கொச்சிக்கு அப்பால் நங்கூரமிட்டு, ஆட்கள் உறங்கிக்கொண்டிருந்த ‘கார்மல் மாதா’ படகின்மீது சரக்குக் கப்பல் ஒன்று மோதியது. 2018 ஆகஸ்ட் 7 அன்று முனம்பத்திலிருந்து சென்ற ‘ஓஷியானிக்’ படகு அதேபோல் மோதி நொறுக்கப்பட்டது. அதில் இருந்த 14 பேரில் இருவர் மட்டுமே உயிரோடு மீட்கப்பட்டனர். பெரும்பாலோர் குமரி மாவட்டத்து மீனவர். கரையில் தூங்குபவன் விடிந்ததும் எழுவோம் என்று நம்பித் தூங்குகிறான். கடலில் அந்நம்பிக்கைக்குக் காவல் வேண்டும். காவலுக்கு ஒருவன் கண் விழித்திருக்க வேண்டுமானால், அவன் முறை வருவதற்கு முன் அவன் நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும். தூங்க இடமில்லாத படகில் விழித்திருக்கவும் ஆளிராது.

உலகச் சட்டங்கள் இதை அறியாமல் இல்லை. இந்தியா 2015-இல் ஏற்றுக்கொண்ட கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, கப்பல் பணியாளரின் படுக்கை குறைந்தது 198 செண்டிமீட்டர் நீளமும் 80 செண்டிமீட்டர் அகலமும் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் மீன்பிடிப் படகுகளுக்கு அது பொருந்தாது. மரபுமுறையில் கட்டப்பட்ட கலங்களுக்கும் பொருந்தாது. அதாவது, தூத்தூர் விசைப்படகும் விலக்கு, தூத்துக்குடித் தோணியும் விலக்கு. மீனவருக்கென்று தனியே ஓர் உடன்படிக்கையை உலகத் தொழிலாளர் அமைப்பு 2007-இல் நிறைவேற்றியது. மூன்று நாளுக்கு மேல் கடலில் தங்கும் படகானால், எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேர ஓய்வு, வாரத்துக்கு 77 மணி நேரம் என்று அது வரையறுத்தது. தளமுள்ள படகுகளில் ஆளுக்கொரு படுக்கை வேண்டும் என்றது. 2017 நவம்பர் 16 அன்று அது நடைமுறைக்கு வந்தது. அதை ஏற்ற நாடுகளின் வரிசையில் அன்று இந்தியா இல்லை. ஆசியாவில் முதலில் தாய்லாந்து 2019-இல் ஏற்றது. நடைமுறைக்கு வந்த இரண்டே வாரத்தில் ஒக்கிப் புயல் அந்த எட்டு ஊர்களையும் உலுக்கிப்போட்டது. அதன் பிறகு சில மாதங்கள் நம் இதழ்களில் கண்ணீர்க் கவிதைகள் வந்தன. படுக்கையைப் பற்றி ஒரு வரி வரவில்லை.

அதே 2017-இல் பாக் நீரிணைப் பகுதியின் இழுவைப்படகுகளுக்கு மாற்றாக ஆழ்கடல் சூரைப் படகுகள் வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. படகு ஒன்றின் மதிப்பு 80 இலட்சம் ரூபாய். மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 விழுக்காடு, வங்கிக் கடன் 20, மீனவர் பங்கு 10. மாலையில் போய்க் காலையில் திரும்பிப் பழகிய ஒருவரை வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கச் சொல்கிறோம். மீன் அறையின் கொள்ளளவு, எந்திரத்தின் குதிரைத்திறன், தூண்டில் கயிற்றின் நீளம் ஆகியவை விவாதிக்கப்பட்டன. ஆளின் நீளத்தை யாரும் விவாதித்ததாக நான் படிக்கவில்லை. பொதுப்பணத்தில் 70 விழுக்காடு கொடுக்கும் அரசு, ஆள் எண்ணிக்கைக்குச் சமமான படுக்கை இல்லாத படகுக்கு மானியம் கிடையாது என்று ஒரு வரி சேர்ப்பதில் என்ன தடை?

எதிர்பார்க்கும் மறுப்புகள்

‘ஓடைப்பட்டியில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றிப் பேச உமக்கு என்ன தகுதி?’ என்று கேட்கப்படும். நியாயமான கேள்வி. எங்கள் ஊரில் கண்ணுக்கு எட்டிய வரை திராட்சைப் பந்தல். கடலைப் பார்க்க மலையைக் கடக்க வேண்டும். ஆனால் தூளியைப் பார்க்க எங்கும் போக வேண்டாம். பந்தல் கல்தூணில் சேலையைக் கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டுத் திராட்சை வெட்டும் பெண்களை இவ்வூரில் எவரும் பார்க்கலாம். சின்னமனூர்ச் சாலையில் சரக்குக்காகக் காத்து நிற்கும் லாரியின் அடியில், அச்சுக்கு மேலே துணியைக் கட்டித் தூங்கும் கிளீனரையும் பார்க்கலாம். முதலாளி கொடுக்காத படுக்கையை உழைப்பவன் ஒரு முழத் துணியில் தானே செய்துகொள்கிறான். இந்த அறிவு மலையடிவாரத்திலும் இருக்கிறது, கடலிலும் இருக்கும். லாரி விஷயத்தில் அரசாவது கொஞ்சம் அசைந்தது. 2025 அக்டோபர் முதல் தேதிக்குப்பின் உற்பத்தியாகும் கனரக லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்று விதி செய்தது. சாலையில் செல்பவனின் களைப்பு கண்ணில் படுகிறது. கடலில் செல்பவனின் களைப்பு கரையிலிருந்து பார்த்தால் தெரிவதில்லை.

‘அப்படியானால் எல்லாப் படகுகளிலும் தூளி கட்டிவிடலாமே’ என்று சிலர் எளிதாக முடிக்கப் பார்ப்பார்கள். முடியாது. கூரையிலிருந்து தொங்கும் எடை, அது தொங்கும் புள்ளியிலேயே வைக்கப்பட்டதுபோலப் படகின்மீது செயல்படும் என்பது கப்பல் கட்டுமானத்தின் அரிச்சுவடி. மேலே கட்டக் கட்டப் படகின் நிலைப்பு குறையும். மேலே ஏறும் எடை படகை என்ன செய்யும் என்பதை எங்கள் பள்ளத்தாக்கு மறந்திருக்க முடியாது. கம்பத்திலிருந்து மலையேறினால் வரும் தேக்கடியில், 2009 செப்டம்பர் 30 அன்று ‘ஜலகன்யகா’ என்னும் இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். ஆகவே இப்போதுள்ள படகுகளில் தளத்துக்குக் கீழே, தாழ்வாக, ஓரிரு துணிப்படுக்கைகள் கட்டுவது தற்காலிக உதவியாக இருக்கலாம். தரையில் தேங்கும் நீரிலிருந்து ஓர் உடலாவது தப்பும். நிலையான தீர்வு, படகு காகிதத்தில் வரையப்படும்போதே ஆளுக்கும் இடம் வரைவதுதான். பதினான்கு அங்குலத்தில் அடைக்கும் தந்திரத்தை மறுபடியும் இறக்குமதி செய்வதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

‘மீனவர்கள் பழகிக்கொண்டார்கள், அவர்களே கேட்கவில்லை’ என்பது மூன்றாவது மறுப்பு. பங்கு முறையில் கூலி பெறுபவன், தன் படுக்கைக்கு இடம் கேட்டால் மீன் அறை சுருங்கும், மீன் அறை சுருங்கினால் தன் பங்கும் சுருங்கும் என்று அறிவான். கேட்காமல் இருப்பது அவன் சம்மதத்தைக் காட்டவில்லை. அவன் கணக்கைக் காட்டுகிறது. அந்தக் கணக்கை மாற்றும் பொறுப்பை அவன் தலையிலேயே கட்டக் கூடாது.

கடைசி மறுப்பு இலக்கியவாதிகளிடமிருந்து வரும்: ‘இது தொழிற்சங்கப் பேச்சு, இலக்கியத்துக்கு இங்கே என்ன வேலை?’ இதற்குத்தான் நான் இவ்வளவும் எழுதினேன். கடாரத்தையும் நாவாயையும் தொழிற்சங்கமா பேசிற்று? நாம்தான் பேசினோம். மேடை போட்டு, மலர் வெளியிட்டு, மாணவர்களை மனப்பாடம் செய்ய வைத்தோம். ஒரு சமூகம் எதைப் பற்றிப் பெருமைப்பட வேண்டும் என்று தீர்மானிக்கும் வேலையை நாம் எடுத்துக்கொண்ட பிறகு, எதைப் பற்றி வெட்கப்பட வேண்டும் என்று சொல்லும் வேலையைப் பிறரிடம் தள்ளிவிட முடியாது. மரக்கலத்துக்கு எத்தனை பெயர் என்று கேட்கும் நம் வினாத்தாள், அதில் ஓர் ஆளுக்கு எத்தனை அடி என்று ஒருமுறை கேட்டால் போதும். மாணவன் ஏட்டை விட்டுத் துறைமுகத்துக்குப் போவான். அங்கிருந்து அவன் கொண்டுவரும் கட்டுரை, நம் மலர்களில் வரும் நூறு கட்டுரைகளைவிடக் கனமாக இருக்கும்.

ஹம்மாக் தமிழ்ச்சொல் என்று இனி எழுத விரும்புபவர்கள் தாராளமாக எழுதட்டும். எழுதும் முன் தூத்தூர்ப் படகொன்றில் ஒரே ஒரு இரவு கடலில் படுத்துவிட்டு வரட்டும். விடியும்போது முதுகு சொல்லும் சொல் எந்த மொழியைச் சேர்ந்தது என்பதையும் அப்படியே ஆராய்ந்து எழுதலாம்.